மூச்சுக்குத் திரும்புதல்

(மாவட்ட நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில், தியானம் பழகத் தொடங்குவோருக்காக ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

மேடைக்கு முன்னால் பாய் விரித்திருக்கிறார்கள். நிற்பவர்கள் வந்து உட்காருங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் சேர்ந்து செய்து பார்க்கப்போகிறோம்.

கேள்விகளை முன்கூட்டியே சீட்டில் எழுதித் தரும்படி கேட்டிருந்தேன். வந்த சீட்டுகளை எல்லாம் படித்தேன். கையெழுத்துதான் வேறு வேறு, கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். கண்ணை மூடி உட்கார்ந்தால் மனம் அடங்க மாட்டேன் என்கிறது. ஓர் அம்மாவுக்கு மகளின் கல்யாணக் கவலை வந்துவிடுகிறது. ஒருவருக்கு வீட்டுக் கடன் தவணை. தேர்வு எழுதப்போகும் ஒரு தம்பிக்கு, படிக்காமல் விட்ட பாடங்கள் வரிசையாக நினைவுக்கு வருகின்றன. எல்லோரும் கடைசியில் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்: எனக்குத் தியானம் வராது போலிருக்கிறது.

இதற்கான பதிலைச் சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனம் அலைவதால் உங்கள் தியானம் கெட்டுப்போவதில்லை. அலைந்த மனத்தை, அலைந்தது என்று தெரிந்துகொண்டு, மூச்சுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறீர்களே, அந்தத் திரும்புதலுக்குத்தான் பயிற்சி என்று பெயர். அரை மணி நேரத்தில் முப்பது முறை மனம் ஓடி, முப்பது முறையும் நீங்கள் திரும்பியிருந்தால், அன்று முப்பது முறை பழகியிருக்கிறீர்கள். இந்த ஒரு விஷயம் தெரியாததால், நல்ல ஆர்வத்தோடு தொடங்கியவர்கள் பத்துப் பதினைந்து நாளில் பாயைச் சுருட்டி வைத்துவிடுவதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இன்று நான் பேச வந்ததே அதற்காகத்தான்.

மனம் அலைவது உங்கள் ஒருவருடைய குறை என்று நினைக்காதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், டேனியல் கில்பர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேருடைய கைப்பேசிக்கு நாளில் ஏதாவது ஒரு நேரத்தில் கேள்வி வரும்: இந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா, எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்? கேட்ட நேரங்களில் 46.9 சதவீதத்தில் மனம் கையில் இருந்த வேலையில் இல்லை. விழித்திருக்கும் பொழுதில் ஏறக்குறைய பாதி. மனம் வேறெங்கோ இருந்த நேரங்களில் மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எந்த வேலை செய்கிறோம் என்பதைவிட, மனம் அந்த வேலையில் இருக்கிறதா என்பதே மகிழ்ச்சியை அதிகம் காட்டிக்கொடுத்தது. ஆகவே மகளின் கல்யாணத்தை நினைத்த அம்மாவும் கடனை நினைத்த ஐயாவும் மற்ற மனிதர்களைப் போலத்தான் இருக்கிறார்கள். கண்ணை மூடியதும் அது வெளிச்சத்துக்கு வருகிறது, அவ்வளவுதான்.

சரி, இப்போது செய்து பார்ப்போம். கைப்பேசிகளை அணைத்துவிடுங்கள்.

நாற்காலியில் இருப்பவர்கள் சாய்மானத்திலிருந்து சற்று முன்னால் வாருங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படட்டும். பாயில் இருப்பவர்கள் சாதாரணச் சம்மணம் போட்டால் போதும், பத்மாசனம் வேண்டாம். வீட்டில் செய்யும்போது ஒரு போர்வையை மடித்து இடுப்புக்கு அடியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு நாலு விரல் உயர்ந்தால் முழங்கால் தானாகத் தாழும், முதுகு தானாக நிமிரும். முழங்கால் வலி உள்ளவர்கள் நாற்காலிக்கே வந்துவிடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் பலன் குறையும் என்று சொல்வதை நம்பாதீர்கள். முதுகு நேராக இருக்க வேண்டும், விறைப்பாக இருக்கக் கூடாது. தோளை ஒருமுறை தூக்கி இறக்கிவிடுங்கள். கைகள் மடியில். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். மூடுவது சங்கடமாக இருந்தால் பாதி திறந்து, எதிரில் நாலடி தூரத்தில் தரையைப் பாருங்கள்.

மூச்சை நீங்கள் விட வேண்டாம், அது வந்து போகட்டும். இழுக்க வேண்டாம், அடக்க வேண்டாம், நீட்ட வேண்டாம். பிராணாயாமத்தில் மூச்சை நாம் நடத்துகிறோம். இங்கே அது எப்படி நடக்கிறதோ அப்படியே பார்க்கிறோம். மூச்சு உள்ளே போகும்போது மூக்குத் துவாரத்தின் விளிம்பில் லேசான குளிர்ச்சி தெரியும். வெளியே வரும்போது அதே இடத்தில், அல்லது மேலுதட்டுக்கு மேலே, இளஞ்சூடு தெரியும். அங்கே ஒன்றும் தெரியவில்லை என்றால் அடிவயிற்றில் கை வையுங்கள், அது எழுவதும் தாழ்வதும் கண்டிப்பாகத் தெரியும். இரண்டில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் அங்கேயே இருங்கள், மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். மூச்சு வெளியே போய் முடியும்போது மனத்துக்குள் ஒன்று என்று எண்ணுங்கள். அடுத்த மூச்சுக்கு இரண்டு. பத்து வந்தால் திரும்ப ஒன்று. எண்ணிக்கை தவறினாலும் திரும்ப ஒன்று. தொடங்குவோம்.

(இரண்டு நிமிடம் அவை அமைதியாக இருந்தது.)

மெதுவாகக் கண்ணைத் திறக்கலாம். ஒரு தடவையாவது தவறாமல் பத்து வரை எண்ணியவர்கள் கை தூக்குங்கள். பரவாயில்லை, சிலர் இருக்கிறீர்கள். எண்ணிக்கொண்டிருப்பதே மறந்துபோனவர்கள்? பாருங்கள், முக்கால்வாசிக் கைகள். பத்தில் நிற்காமல் பதினாறு, பதினேழு என்று போனவர்கள்? அதுவும் மறதிதான். வாய் எண்ணிக்கொண்டிருந்தது, மனம் வெளியே போய்விட்டது.

கை தூக்கியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கோ போய்விட்டோம் என்று ஒரு கணத்தில் தெரிந்ததே, அதை நீங்களா வரவழைத்தீர்கள்? கனவிலிருந்து விழிப்பது மாதிரி அது தானாக வந்தது. தொடங்கும் நாட்களில் அந்தக் கணம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வரும். பழகப் பழக ஒரு நிமிடத்தில் வரும், பிறகு ஓர் எண்ணம் தலை தூக்கும்போதே வரும். உங்களால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அந்தக் கணம் வரும்போது அதை மரியாதையாக வரவேற்று, மூச்சுக்குத் திரும்புவது. பெரும்பாலோர் அந்த இடத்தில் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். ‘ரெண்டு நிமிஷம்கூட உருப்படியா உட்கார முடியலையே’ என்று. அந்தத் திட்டும் ஓர் எண்ணம்தான். கல்யாணக் கவலையை விட்டு வெளியே வந்து திட்டுக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறோம். திட்டாமல் திரும்புவது என்பது ஏதோ மென்மையான அறிவுரை என்று நினைக்காதீர்கள். இந்தப் பயிற்சியில் மிகக் கடினமான பகுதி அதுதான். நம்மில் பலருக்குச் சிறுவயதிலிருந்து தவறு என்றால் கூடவே ஒரு குட்டும் சேர்ந்தே வந்திருக்கிறது. மனத்துக்குக் குட்டு வைக்காமல் அழைத்துவரப் பழக நாளாகும்.

இந்த எண்ணும் முறை பழையது. ஐந்தாம் நூற்றாண்டில், இலங்கை அனுராதபுரத்து மகாவிகாரையில் தங்கி, புத்தகோசர் என்ற துறவி பாலி மொழியில் விசுத்திமக்கம் என்ற பெருநூலை எழுதினார். மூச்சைக் கவனிக்கத் தொடங்குபவர் எண்ணிக்கையிலிருந்து தொடங்கட்டும் என்கிறது அந்த நூல். ஐந்துக்குக் குறைவாக எண்ணினால் மனத்துக்கு நெருக்கடியாகிவிடும், பத்துக்கு மேல் போனால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஐந்துக்கும் பத்துக்கும் இடையில் நிறுத்து என்று காரணத்தோடு சொல்கிறது. பதினேழு வரை போன நண்பர்களின் நிலைமையை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் அறிந்திருந்தார். அந்தப் புத்தகோசர் காஞ்சிபுரத்தில் ஜோதிபாலர் என்ற துறவியோடு தங்கியிருந்ததை அவருடைய அங்குத்தர நிகாய உரையின் முடிவுப் பகுதியிலிருந்து அறிகிறோம். மூச்சைக் கவனிக்கும் கல்வி நம் ஊர்ப்பக்கம் தெரியாத விஷயமாக இருந்ததில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அதே நூலில் வரும் ஓர் உவமை தொடங்குபவர்களுக்கு மிகவும் உதவும். சமதரையில் கிடத்திய மரத்தை ஒருவன் ரம்பத்தால் அறுக்கிறான். ரம்பத்தின் பற்கள் மரத்தில் படுகிற இடத்தில்தான் அவன் கண் இருக்கிறது. பற்கள் வருவதையும் போவதையும் அவன் துரத்திப் பார்ப்பதில்லை, ஆனாலும் அவை வந்து போவது அவனுக்குத் தெரியும். மூச்சையும் அப்படித்தான் கவனிக்க வேண்டும். மூக்கில் நுழைந்த காற்றைத் தொண்டை, நெஞ்சு, வயிறு என்று பின்தொடர்ந்து ஓடாதீர்கள். தொடுகிற இடத்திலேயே நில்லுங்கள். பலர் தலை கனக்கிறது என்று சொல்வது இந்த ஓட்டத்தாலும், மூச்சை வலிந்து இழுப்பதாலும்தான்.

இன்னொரு தயக்கத்தையும் சீட்டுகளில் பார்த்தேன். “குடும்பஸ்தர்களுக்கு இதெல்லாம் ஒத்துவருமா?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு ஒரு வரலாற்றையே பதிலாகச் சொல்லலாம்.

1885-இல் பர்மாவின் கடைசி அரசர் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்தார். மடங்களுக்கு அரச ஆதரவு போய்விட்டது. பௌத்தக் கல்வியே அழிந்துவிடுமோ என்று லெடி சயாடோ என்ற துறவி கவலைப்பட்டார். 1846-இல் பிறந்தவர், பெரும் புலவர். படிப்பையும் தியானத்தையும் மடத்துக்குள் பூட்டி வைக்காமல் சாதாரண மக்களுக்குக் கற்றுக்கொடுக்கக் கிளம்பினார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் சயா தெட்ஜி, ஒரு விவசாயி. அந்த விவசாயியிடம் 1937-இல் ஓர் அரசாங்க ஊழியர் வந்து மூச்சுத் தியானம் கற்றார். அவர் ஊ பா கின். பர்மா விடுதலை அடைந்த 1948-இல் அந்நாட்டின் தலைமைக் கணக்கு அதிகாரி ஆனார். அலுவலகத்தில் தம்முடைய ஊழியர்களுக்கே தியானம் கற்றுக்கொடுத்தார். 1952-இல் ரங்கூனில் ஒரு தியான மையத்தை நிறுவினார். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளின் பொறுப்பைச் சுமந்துகொண்டு, மனைவி மக்களோடு வாழ்ந்துகொண்டு, இதையும் செய்தார். அரசாங்க வேலை பார்ப்பவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நிதியாண்டு முடிகிற மார்ச் மாதக் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வாழ்க்கைக்கு நடுவில் இருந்த மனிதர் அவர்.

1955-இல் அவரிடம் மண்டலேயில் பிறந்த ஓர் இந்திய வம்சாவளி வியாபாரி வந்தார். கடுமையான ஒற்றைத் தலைவலி. வலி தாங்காமல் மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டிய நிலைமை. தலைவலிக்காக மட்டும் வந்திருக்கிறாய் என்றால் நான் சேர்த்துக்கொள்ள மாட்டேன், இது அதைவிடப் பெரிய விஷயம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். மனம் தெளிந்து திரும்பி வந்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அந்த வியாபாரிதான் எஸ். என். கோயங்கா. பதினான்கு ஆண்டுகள் குருவிடம் கற்று, 1969-இல் இந்தியா வந்து விபாசனா வகுப்புகளைத் தொடங்கினார். பத்து நாள் மௌனம், கட்டணம் கிடையாது. முதல் மூன்று நாளும் மூச்சைக் கவனிப்பது மட்டும்தான். மகாராஷ்டிரத்தின் இகத்புரியில் உள்ள தம்மகிரிதான் அதன் பெரிய மையம். சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் இருக்கிறது. 1994-இல், கிரண் பேடி சிறைத்துறைத் தலைவராக இருந்தபோது, டெல்லி திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

துறவி, விவசாயி, கணக்கு அதிகாரி, வியாபாரி. பயிற்சி கைமாறி வந்த வழி இது. நால்வரில் மூன்று பேர் குடும்பஸ்தர்கள்.

அதே பர்மாவில் மகாசி சயாடோ என்ற இன்னொரு துறவி கொஞ்சம் மாறுபட்ட முறையைப் பரப்பினார். அவர் மூக்கைவிட வயிற்றைக் கவனிக்கச் சொன்னார். எழுகிறது, தாழ்கிறது. மனம் விலகினால் விலகியது எது என்று ஒரு சொல்லால் குறித்துக்கொள்ள வேண்டும்: நினைப்பு, வலி, அரிப்பு, கேட்பது. குறித்ததும் வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். எண்ணுவது ஒத்துவராதவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். தேர்வு எழுதப்போகிற தம்பி இதை முயன்று பார்க்கட்டும். விட்டுப்போன பாடங்கள் நினைவுக்கு வரும்போது ‘கவலை’ என்று மனத்துக்குள் ஒருமுறை சொல்லிவிட்டுத் திரும்பு. பாடத்தை எப்போது படிக்கலாம் என்ற திட்டத்தை எழுந்த பிறகு போட்டுக்கொள்ளலாம்.

மருத்துவமனைக்குள் தியானம் எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-சின் என்ற உயிரியல் அறிஞர், மருந்தால் தீராத நாள்பட்ட வலியோடு இருப்பவர்களுக்கு எட்டு வார வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். மூச்சைக் கவனிப்பது, படுத்தபடியே கால் விரலிலிருந்து தலை வரை உடலைக் கவனித்துக்கொண்டு வருவது, எளிய யோகாசனங்கள். முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, மோந்து, மெதுவாக மென்று சாப்பிடச் சொல்வார்கள். மதச் சொற்கள் எதுவும் கிடையாது. இன்று உலகமெங்கும் கவனப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளில் பெரும்பாலானவை அந்த எட்டு வாரப் பாடத்தின் வழிவந்தவை.

பலன் உண்டா? உண்டு, அளவோடு. 2000-ஆம் ஆண்டில் டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு நோய்க்கு ஆளாகி மீண்டவர்களைப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 66 சதவீதம் பேருக்கு நோய் திரும்ப வந்தது. பயிற்சியும் பெற்றவர்களில் 37 சதவீதம் பேருக்கு வந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் இரண்டு முறை மட்டுமே நோய் வந்தவர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. 2014-இல் 47 ஆய்வுகளை, 3,515 பேரைப் பற்றிய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தபோது, பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றில் மிதமான நன்மை தெரிந்தது. உடற்பயிற்சி, மருந்து போன்ற மற்ற வழிகளைவிட உயர்ந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் அதிகமான மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2022-இல் வந்தது. வகுப்பறையில் எல்லோருக்கும் பொதுவாகக் கற்றுக்கொடுத்ததால் மாணவர்களின் மனநலத்தில் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை. பிள்ளைகளில் பலர் வீட்டில் பழகவே இல்லை. விருப்பமில்லாத பிள்ளையை உட்கார வைத்துக் கண்ணை மூடச் சொல்வதில் பயனில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன். பெற்றோர்களே, நீங்கள் உட்காருங்கள். பிள்ளைக்கு விருப்பம் வந்தால் பக்கத்தில் வந்து உட்காரும்.

தியானம் செய்தால் சர்க்கரை குறையும், புற்றுநோய் போகும், ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் அவரை நம்பாதீர்கள். மாத்திரையை நிறுத்துவதும் குறைப்பதும் மருத்துவர் சொல்லவேண்டியவை. இன்னொன்றும் இருக்கிறது. எல்லோருக்கும் கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது நிம்மதி தருவதில்லை. கொடுமையான அனுபவங்களைக் கடந்து வந்தவர்களுக்கு அந்த நினைவுகள் பொங்கி வரலாம். திடீர்ப் பீதி வருகிறவர்களுக்கும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் மூச்சைப் பார்ப்பதே பயத்தைக் கூட்டலாம். அப்படி நடந்தால் உடனே கண்ணைத் திறங்கள். கவனத்தை உள்ளங்காலுக்குக் கொண்டுபோங்கள், தரையின் குளிர்ச்சியை உணருங்கள், அல்லது வெளியில் கேட்கும் சத்தங்களைக் கேளுங்கள். எழுந்து நடங்கள். ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் பத்து நாள் மௌன வகுப்புக்குப் போகக் கூடாது. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறவர்கள் தனியாகக் கண்ணை மூடி உட்கார்ந்து அதைத் தீர்த்துவிட நினைக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

மீதிச் சீட்டுகளுக்கு வருகிறேன்.

“உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது.” முதலில், போதுமான அளவு தூங்குகிறீர்களா என்று பாருங்கள். ஐந்து மணி நேரம் தூங்குகிற உடம்பு, கண்ணை மூடினால் தூங்கத்தான் செய்யும். அதன் நியாயம் அது. சாப்பிட்டவுடன் உட்காராதீர்கள். தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள். அப்போதும் வந்தால் எழுந்து நடைத் தியானம் செய்யுங்கள். மொட்டை மாடியோ நடைக்கூடமோ போதும். பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு, வழக்கத்தைவிட மெதுவாக, போய்த் திரும்பி வாருங்கள். கால் எழுவது, முன்னால் போவது, தரையில் பதிவது, இவற்றைக் கவனியுங்கள். உட்கார முடியாதவர்கள் மாதக்கணக்கில் நடைத் தியானமே செய்யலாம்.

“வீட்டில் ஒரே சத்தம். குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி.” அமைதியான இடம் கிடைத்தால் நல்லது. கிடைக்காது என்றால் காத்திருக்காதீர்கள். விசில் கேட்டால் ‘கேட்பது’ என்று குறித்துக்கொண்டு திரும்புங்கள். விசில் உங்களை ஒன்றும் செய்யவில்லை. ‘இந்த வீட்டில் எனக்கு என்று பத்து நிமிடம் கிடையாதா’ என்று அதன் பின்னால் கிளம்புகிற எரிச்சல்தான் அலைக்கழிக்கிறது. அந்த எரிச்சலைப் பாருங்கள், நெஞ்சில் எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். ஆனால் குடும்பத்தாருக்கும் ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் அம்மாவுக்குப் பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் அடுப்பை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

“எந்தச் சாமியை நினைக்க வேண்டும்? மந்திரம் வேண்டாமா?” கேட்டவர் ஒரு பெரியவர் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஐயா, நீங்கள் முருகனையோ அல்லாவையோ ஏசுவையோ நினைப்பதில் இந்தப் பயிற்சி குறுக்கே வராது. அந்த வழிபாட்டை விட்டுவிட வேண்டியதும் இல்லை. ரமண மகரிஷி எழுதிய உபதேச உந்தியாரில் பூசை, செபம், தியானம் என்ற வரிசை வருகிறது. மனமும் மூச்சும் ஒரே மூலத்திலிருந்து கிளம்புகின்றன என்ற கருத்தும் அதில் இருக்கிறது. மூச்சால் மனத்தை ஒடுக்குவது தற்காலிக அடக்கம்தான், அதற்கு மேலும் போக வேண்டும் என்பது அவருடைய உபதேசம். அந்த ‘மேலும்’ பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. இன்று நாம் பேசிக்கொண்டிருப்பது முதல் படி. பல்லாண்டு செபம் செய்து பழகியவர்கள் அந்த மந்திரத்தையே மூச்சின் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். மனம் மந்திரத்தை விட்டுப் போகும், தெரியும், திரும்புங்கள்.

“பத்து நிமிடம் உட்கார்ந்தால் மீதி நாள் முழுக்க என்ன ஆகிறது?” இது நல்ல கேள்வி. எழுதியவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, பிறகு நாள் முழுக்க எரிந்து விழுந்துகொண்டிருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன மதிப்பு?

வியட்நாம் துறவி திக் நாட் ஹான் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-இல் காலமானார். போர் நடந்துகொண்டிருந்த வியட்நாமில், குண்டு விழுந்த கிராமங்களைத் திரும்பக் கட்டவும் பள்ளிகள் நடத்தவும் மருத்துவ உதவி செய்யவும் இளைஞர்களுக்கென்று ஒரு சமூக சேவைப் பள்ளியை நிறுவியவர். 1966-இல் நாட்டைவிட்டு வெளியே போனவர் பல பத்தாண்டுகள் திரும்பவே முடியவில்லை. பிரான்சில் இருந்துகொண்டு, அந்தப் பள்ளியின் ஊழியர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் கடிதம்தான் பிறகு உலகமெங்கும் படிக்கப்பட்ட கவனப் பயிற்சிக் கைநூல் ஆயிற்று. யாருக்கு எழுதினார் என்பதை யோசித்துப் பாருங்கள். நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாமல், அகதிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு எழுதினார். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் குகைக்குப் போங்கள் என்று எழுதவில்லை. பாத்திரம் கழுவும்போது கழுவுவதிலேயே இருங்கள், அடுத்து வரப்போகும் தேநீரில் இருக்காதீர்கள் என்ற கருத்தை எழுதினார். அடுத்தவருக்காக உழைக்கிறவர்கள் களைத்து, கசந்து, வெறுத்துப் போகாமல் இருக்க மூச்சு அவர்களுக்குத் துணையாக இருக்கும் என்று அவர் நம்பினார். தியானம் சுயநலம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

ஆகவே நாளில் ஏதாவது ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், ஒன்றே ஒன்று. காலையில் பல் தேய்ப்பது, சாப்பாட்டின் முதல் ஐந்து கவளம், பாத்திரம் கழுவுவது, பேருந்துக்கு நடப்பது, எதுவானாலும் சரி. அந்த நேரத்தில் கைப்பேசி கையில் இருக்கக் கூடாது. தண்ணீரின் குளிர்ச்சி, சோற்றின் சூடு, கால் தரையில் படுவது, இவற்றில் இருங்கள். மனம் போகும், திரும்புங்கள். காலையில் பாயில் செய்தது இதே வேலைதான். இப்படிப் பழகிய ஒருவருக்கு வாழ்க்கையில் எங்கே பயன் தெரியும் என்றால், பெரும்பாலும் கோபத்தில்தான். மருமகளோ மேலதிகாரியோ ஏதோ சொல்கிறார், சுருக்கென்று குத்துகிறது, பதில் நாக்கில் வந்துவிடுகிறது. அந்த இடத்தில் ஒரு மூச்சு அளவு இடைவெளி கிடைக்கும். கோபம் வந்திருக்கிறது என்று தெரியும். பேசலாமா வேண்டாமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். எல்லா நேரமும் கிடைக்காது. சில நேரம் கிடைக்கும். அந்தச் சில நேரத்தில் ஒரு குடும்பத்தில் எத்தனை சொற்கள் சொல்லப்படாமல் போகின்றன என்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன்.

நேரமாகிவிட்டது. உங்களிடம் ஒரு கோரிக்கை வைத்து முடித்துக்கொள்கிறேன். நாளைக் காலையில், கைப்பேசியைத் தொடுவதற்கு முன்னால், பத்து நிமிடம் உட்காருங்கள். ஒரு மாதம் தொடருங்கள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் உட்காருங்கள், விட்டதற்காக இருபது நிமிடம் உட்கார வேண்டாம். இன்று நன்றாக அமைந்தது, இன்று கெட்டுப்போனது என்று மதிப்பெண் போட வேண்டாம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, மனம் அடங்கியதா என்று நான் கேட்க மாட்டேன். எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் கேட்பேன். வாருங்கள், பேசுவோம்.